வரப்போறவ

படகில் ஏறும் முன் ராஸ்மி தன்மேல் இருக்கும் இரும்பையெல்லாம் கரையிலேயே விட்டுவிடுகிறான். விட இப்போது அதிகம் இல்லை. சட்டைக்கு எலும்புப் பொத்தான், இடுப்புக்குக் கயிறு. செருப்பில் ஆணி கிடையாது. தோல் வாரால் தைத்தது. தண்ணீர் உள்ளே போய், மாலையில் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஆனாலும் தினமும் பைகளைத் துழாவுகிறான். எங்காவது ஒரு தூண்டில் முள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

"பல்லுல ஏதும் இரும்பு இருக்கப்போகுது, பாத்துக்கடா" என்பான் பக்கத்துத் துடுப்புக்கார லௌரி. ராஸ்மி வாயைத் திறந்து காட்டுவான். சிரிப்பதில்லை.

தீட்டிய சிப்பி ஓட்டால்தான் இரையை நறுக்குகிறான். கை முழுக்கக் கீறல். முள்ளில் கோத்துத் தருவது லௌரி, முணுமுணுத்தபடியே. படகுத் தலைவர் எர்ட்டி ராஸ்மியின் தாய்மாமன். தூண்டில் கயிறு காலில் சுற்றினால் அறுக்க ஒரு கத்தி வேண்டும். இல்லாதவன் கயிற்றோடு போவான். அவருக்கு அந்தப் பயம்.

கரையை விட்டு விலகியதும் இந்த ஷெட்லாந்துத் தீவுக்காரர்களின் பேச்சு மாறிவிடும். கரைப் பெயர்கள் கடலின் காதில் விழக்கூடாது. பூனை அங்கே 'பிறாண்டி'. பாதிரியார் 'நிற்கிறவர்'. மனைவி 'வீட்டிலிருக்கிறவ'. யாராவது வாய் தவறிக் கரைப் பெயரைச் சொல்லிவிட்டால் எல்லோரும் இரும்பைத் தொடவேண்டும். நினைத்துச் செய்வதல்ல அது. தும்மல் மாதிரி, கை தானாகப் போகும்.

சுனீவா கடல்நாய்க் குலத்துப் பெண்; தண்ணீரில் கடல்நாய், தோலைக் கழற்றினால் மனுஷி. ஒரு கோடையில், தோலைக் கழற்றிப் பாறையில் போட்டுவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். அப்படிப்பட்டவளைப் பார்த்தால் தீவில் ஒரு வழி உண்டு. தோலை எடுத்துப் பெட்டியில் பூட்டினால் அவள் பின்னாலேயே வந்து குடும்பம் நடத்துவாள். ஜன்னலருகே நின்று நின்றே வயதாகிப்போவாள். ராஸ்மி தோலை எடுத்தான், மணலைத் தட்டினான், அவளிடமே நீட்டினான். "குளிருமே, போட்டுக்கோ" என்றானாம். அவள் சிரித்துவிட்டாள்.

பிறகு அவளாகவே வந்தாள். அந்தக் குலத்துக்கு இரும்பு ஆகாது. பக்கத்தில் கிடந்தால் பொறுத்துக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே அதைத் தொட்டால் 'போ' என்று அர்த்தம். ராஸ்மி இரும்புக் கெட்டிலைத் தங்கைக்குக் கொடுத்தான். தாழ்ப்பாளை மரத்தில் செதுக்கினான். கடல்நாய்த் தோல் வாசலில், மரமுளையில், ஊரார் கண்ணில் படத் தொங்கியது. ஓட்ஸ் ரொட்டியை அவள் தினமும் கருக்கினாள். கருகல்தான் தனக்குப் பிடிக்கும் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

பனிக்காலம் வந்ததும் தாயைப் பார்க்கப் புறப்பட்டாள். வசந்தத்தில் படகுக்குப் பக்கத்தில் வருவதாகவும், அவன் கூப்பிடவேண்டும் என்றும் சொன்னாள்.

"கூப்பிடலன்னா வரமாட்டியா?"

"மாட்டேன். வேணுமா வேணாமான்னு நீதான் சொல்லணும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க, படகுக்குத் தார் பூசிக்கொண்டே இதே வழக்குதான். கடலில் அவளை என்னவென்று கூப்பிடுவது? 'வீட்டிலிருக்கிறவ' என்று சொல்ல அவள் வீட்டில் இல்லையே. லௌரி சொன்ன பெயர்களை எழுத முடியாது. கடைசியில் எர்ட்டி தீர்த்துவைத்தார்: "வரப்போறவ. போதும்டா, அதையே கூப்பிடு." ராஸ்மி அந்த வார்த்தையைக் கயிறு திரிக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினான்.

அவள் வந்தாள். காலை நேரம், அலை இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் சாம்பல் நிறத் தலை ஒன்று எழுந்தது. கண்கள் அவளுடையவை. பழகிய வார்த்தை எங்கோ போய்விட்டது.

"சுனீவா" என்றான் ராஸ்மி.

கரைப் பெயர். படகிலிருந்த ஆறு பேரின் கைகளும் இரும்புக்குப் போயின. அவற்றில் ஒன்று ராஸ்மியின் கை. இடுப்புக் கத்தியின் குளிர்ச்சி விரலில் பட்ட பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை. தண்ணீர் மூடிக்கொண்டது.

யாரும் வேண்டுமென்று தொடவில்லை என்று லௌரி அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ராஸ்மி யாரையும் கோபிக்கவில்லை. "நீங்க எல்லாரும்தான் தொட்டீங்க. ஆனா அவ என் கையத்தானே பாத்தா" என்றான். கத்தி அன்றே கடலுக்குள் போயிற்று.

தங்கை ஒருநாள் கெட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் காலை அது அவள் வாசலில் இருந்தது. கத்தி இல்லாதவனுக்குப் படகில் இடமில்லை என்று எர்ட்டி ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லிப் பார்த்தார். ராஸ்மி வேறு படகில் கேட்கப் போனான். அவரே போய்க் கூட்டிவந்தார். இப்போது பின்பலகையை விட்டு ராஸ்மிக்கு அருகில் வந்து உட்காருகிறார். தன் கத்தியை அவன் கால் பக்கமாக மாற்றிக் கட்டியிருக்கிறார்.

போன வாரம் லௌரி தன் வீட்டுச் செய்தியைச் சொன்னான். பூனை குட்டி போட்டிருக்கிறதாம். பூனையைப் பூனை என்றே சொல்லிவிட்டான். ஐந்து கைகள் இரும்பைத் தொட்டன. ராஸ்மியின் கையும் துள்ளி எழுந்து, இடுப்பில் ஒன்றுமில்லாத இடத்தைத் தடவி நின்றது. அவன் துடுப்பை மடியில் சாய்த்தான். சட்டைக் கையைச் சுருட்டினான். வெறும் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துத் தண்ணீருக்குள் விட்டு, விறைத்துச் சிவக்கும்வரை அப்படியே வைத்திருந்தான்.

யாரும் துடுப்புப் போடவில்லை.