பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்கு வண்டி ஓட்டக் கொடுத்துவைக்காது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தர்மபுரியில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்துகிற ஸ்கூலில், பெண்களுக்கெல்லாம் நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். ஸ்டியரிங் அவர்கள் கையில் இருக்கும். நான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் பொருத்தியிருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று மந்திரம் ஓதிக்கொண்டிருப்பேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதே பிழைப்பு. வண்டி முப்பதைத் தாண்டினால் என் கால் என்னைக் கேட்காமலே அமுக்கிவிடும்.

அவருக்கும் இதே வியாதிதான். ஆண்களுக்கும் லாரி லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கும் அவர்தான் வாத்தியார். என்றைக்காவது சொந்த வேலையாக நான் கார் எடுத்தால் பக்கத்தில் வந்து உட்காருவார். பார்வை ரோட்டில் இருக்கும், கால் தரையில் பிரேக்கைத் தேடும். அவர் பக்கம் பிரேக்கே இல்லாத வாடகைக் காரில்கூடத் தேடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் பாதிப் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளைக் கட்டினவரே நம்பவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒரே ஒரு தடவை, அவர் கால் சும்மா இருக்க, நான் ஆசை தீர வண்டி ஓட்ட வேண்டும். இதுதான் எனக்கு இருந்த வெறி.

அந்த வெறிக்கு நெய் ஊற்றியவள் ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு பழைய மாணவி. கோயமுத்தூர் பக்கம் ஒரு ரேஸ் டிராக்கில், சில ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம் என்று போனில் வீடியோ அனுப்பினாள். லைசென்ஸும் ஹெல்மெட்டும், நல்ல பிரேக் உள்ள வண்டியும் இருந்தால் போதுமாம். நான் அந்த வீடியோவைச் சாப்பிடும்போதும் பார்த்தேன். எதிரில் லாரி கிடையாது, குறுக்கே ஆடு கிடையாது, வேகத்தடை கிடையாது, போன் பேசிக்கொண்டே ரோட்டைக் கடக்கிற மகானுபாவர்கள் கிடையாது. ஒரே பக்கமாக ஓடுகிற ரோடு!

ஸ்கூல் காரைக் கேட்டதும் அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அது நமக்குச் சோறு போடுற வண்டி. அதுல போயி வெளையாடுவியா?"

கேள்வி நியாயம்தான். அதனால் பழைய கார் ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. இரண்டு புது ஸ்கூட்டர் வாங்குகிற விலைக்குள் வர வேண்டும் என்றார். சரி என்றேன்.

கார் பார்க்க எங்கள் மெக்கானிக் பாயையும் கூட்டிக்கொண்டோம். பல வருஷமாக எங்கள் வண்டிகளின் பிரேக்கைத் தேயத் தேய மாற்றிக்கொண்டிருக்கிறவர். பெயிண்டையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்து மயங்கக் கூடாது, பிரேக்கும் ரேடியேட்டரும் அடிப்பாகமும்தான் முக்கியம் என்று கிளம்பும்போதே எச்சரித்தார். வண்டி சின்னதாக, எடை குறைவாக இருக்க வேண்டும். உடைந்தால் பாகம் தர்மபுரியிலேயே கிடைக்க வேண்டும். ஏசி ஓடவில்லை என்றால் விலையைக் குறைக்கலாம், நமக்குத்தான் லாபம் என்றார்.

முதலில் கடத்தூர். விற்கிறவர் வண்டியைத் தடவிக்கொண்டே, ஒரே ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி என்றார். அன்று நாங்கள் போன இடத்திலெல்லாம் டாக்டர் ஓட்டின வண்டிதான் இருந்தது. இத்தனை டாக்டர்கள் நம் மாவட்டத்தில் இருந்தால், காய்ச்சல் வந்தால் நாம் ஏன் சேலத்துக்கு ஓடுகிறோம்? அந்த டாக்டர் கிளட்சுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கவில்லை போலிருக்கிறது. காலை வைத்ததும் முனகியது.

அடுத்து அதியமான்கோட்டையில் ஹைவே ஓரக் கடை. அங்கே ஒரு சிவப்புக் கார் நின்றது. பின்னால் றெக்கை மாதிரி ஒன்று வைத்து, பளபளவென்று. பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. அவர் கதவைத் திறந்து, கால் மிதியைத் தூக்கிக் காட்டினார். துருப்பிடித்த ஓட்டை வழியாகப் பூமாதேவி தெரிந்தாள்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இதுக்கு பிரேக்கே வேணாம். காலைக் கீழ வுட்டுத் தேச்சே நிறுத்திக்கலாம்" என்றார். கடைக்காரரே சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு விவசாயி வீட்டு வாசலில் எங்கள் வண்டி கிடைத்தது. வெள்ளை நிறம், ஒரு கதவு மட்டும் வேறு வெள்ளை. உள்ளே மஞ்சள் மூட்டை வாசம். டிக்கியில் கோழி இறகு. ஏசி எப்போதோ உயிரை விட்டிருந்தது. ஆனால் டாக்டர் என்ற பேச்சே அவர் எடுக்கவில்லை.

"ஒம்போது பேரு ஒக்காந்து சித்தேரி மல ஏறியிருக்குதுங்க. ஒரு நாளும் சூடாகி நின்னதில்லைங்க" என்றார்.

பாய் முகத்தில் வெளிச்சம் வந்தது. அத்தனை பாரத்தோடு மலையேறியும் கொதிக்காத வண்டி, ரேஸ் டிராக்கிலும் கொதிக்காது என்பது அவர் கணக்கு. வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தார், முழுச் சட்டையும் மண். நான் தெருக்கோடிவரை ஓட்டி, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். இழுக்காமல் நேராக நின்றது. எதற்கு வாங்குகிறோம் என்று விவசாயி கேட்டார். ரேஸ் டிராக்கில் ஓட்ட என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது.

வண்டி வீடு வந்தது. அப்புறம்தான் என் வீட்டுக்காரர் நிபந்தனையைச் சொன்னார். அவரும் கூட வருவாராம், ஆனால் அவர் பக்கம் ஒரு பிரேக் வேண்டுமாம். இன்னொரு வீட்டுப் புருஷனாக இருந்தால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டிருப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் யாருக்குமே அது வேடிக்கையாகப் படவில்லை. எங்களைப் பொறுத்தவரை பிரேக் ஒன்றே ஒன்று இருக்கிற கார், ஒரு கை தைக்காத ஜாக்கெட் மாதிரி. பாய் பழைய ஸ்கூல் வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த பெடலை இடது பக்கம் பொருத்தி, அதிலிருந்து ஒரு கம்பியை என் பிரேக்கோடு இணைத்துக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாயையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் பக்கம் கிளம்பினோம். டிராக்கில் டயரையும் என்ஜினையும் பார்த்து உள்ளே விட்டார்கள். பக்கத்தில் ஒருவர் ஹெல்மெட் போட்டு உட்காரலாம் என்றார்கள். எடை குறையட்டும் என்று பாய் பின் சீட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் கிளம்பினேன்.

முதல் வளைவு வருவதற்குள் வண்டி தானாகச் சுணங்கியது. இரண்டாவது வளைவிலும் அப்படியே. நேர் ரோட்டில் அழுத்தலாம் என்றால் அங்கேயும் பக்கத்திலிருந்து ஒரு மிதி. எங்கள் வண்டியைவிட வயதான வண்டிகள் எல்லாம் தாண்டிப் போயின. ஒருவர் கையாட்டிவிட்டே போனார். கொடி காட்டுகிற ஆள், வண்டி பழுதாகிவிட்டதோ என்று எங்களைக் கவலையாகப் பார்த்தார். கோயில் தேர் போல ஊர்வலம் வந்து இறங்கினேன். வந்த கோபத்தில் ஹெல்மெட் கழற்ற வரவில்லை. "வண்டிய நீங்க ஓட்டுனீங்களா, நான் ஓட்டுனனா?" என்று கேட்டேன். அவர், ஹெல்மெட் இறுக்குகிறது, பெரிசாக ஒன்று வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அங்கிருந்த அதிகாரி ஒருவர் வந்தார். சுற்று முழுக்க எங்கள் பிரேக் விளக்கு அணையவே இல்லையாம். குனிந்து உள்ளே பார்த்தவர் இடது பக்கப் பெடலைக் கண்டு திகைத்துப்போனார். இது எதற்கு என்று கேட்டார்.

"அது சாருக்குங்க" என்றார் பாய்.

கம்பியைக் கழற்றாமல் வண்டி இனி உள்ளே போகாது என்று சொல்லிவிட்டார் அதிகாரி. பாய் ஸ்பேனரை எடுத்துக் கம்பியை மட்டும் கழற்றினார். பெடல் தரையோடு போல்ட் போட்டது. அதை எடுக்க நேரமில்லை. இன்னும் ஒரே ஒரு முறைதான் எங்களுக்கு இருந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சொன்னால் ஏற மாட்டார், என்னையும் ஏற விட மாட்டார். அதற்குள் அவர் பெரிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். பாய் வானத்தைப் பார்த்தார். நான் கியர் போட்டேன்.

முதல் வளைவு. அவர் கால் இறங்கியது. உயிருள்ள பெடலுக்கு ஒரு கனம் உண்டு. எத்தனையோ வருஷமாக அதை மிதித்துப் பிழைத்த காலுக்கு, அது செத்துவிட்டது என்று தெரியாமல் போகுமா? பெரிய ஹெல்மெட் என் பக்கம் ஒரு முறை திரும்பியது. கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. ஹெல்மெட் முன்பக்கம் திரும்பிக்கொண்டது. இரண்டாவது வளைவுக்கு முன்னால் அவர் இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து, சீட்டுக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டார்.

அப்புறம் நான் ஓட்டினேன். எங்கே அமுக்க வேண்டுமோ அங்கே அமுக்கினேன், எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டேன். டயர் கீச்சிட்டது. ஹெல்மெட்டுக்குள் நான் ஓவென்று கத்திச் சிரித்தேன். யாரையும் முந்தவில்லை, அதனால் என்ன? அத்தனை சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

இறங்கியதும் அவர் ஓரமாக அடுக்கியிருந்த டயர் மேல் உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தார். கோபமா என்று கேட்டேன்.

"மொத வளைவுல செத்தோம்னு நெனச்சேன். ரெண்டாவது வளைவுல, இவளுக்குத்தான் ஓட்டத் தெரியுதேன்னு இருந்துச்சு."

"இத்தன வருசமா தெரியலீங்களா?"

"பிரேக்க மிதிக்கவே நேரம் சரியாப் போச்சு. உன்ன எங்க பாக்குறது?"

பாய் பின் சீட்டை மாட்டிக்கொண்டு அதில் ஏறிக்கொள்ள, ஊருக்குத் திரும்பினோம். சேலம் தாண்டி, தொப்பூர் கணவாயில் ஏறும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் லாரிகள். அந்த இடத்தில் பஸ்ஸில் போகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். பக்கத்து சீட்டில் சத்தமே இல்லை. பாய் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, சார் தூங்கிட்டாரு" என்றார் மெதுவாக.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்ந்து, வாய் திறந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஓட்டுகிற வண்டியில் அவர் கண் மூடி நான் பார்த்ததில்லை. முன்னால் போன லாரியை முந்த இடம் இருந்தது. ஹாரன் அடித்தால் முழித்துக்கொள்வாரே என்று, ஊர் வரைக்கும் அதன் பின்னாலேயே போனேன்.