அட்ராக்டா டப்ளின் பார்த்த கதை

இரண்டு நாள் பயணத்துக்கு அட்ராக்டா கொண்டுவந்த பெட்டியைப் பேருந்தில் ஏற்றியது பக்கத்து வீட்டுக்காரியான நான்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளே கல்லையா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். சிரித்தாள். எழுபத்தொரு வயதுக்காரி முகத்தில் கல்யாணப் பெண்ணின் வெட்கம்.

டிசம்பர் எட்டு மாதா திருநாள். அன்றைக்குத் தாயும் மகளுமாக டப்ளினுக்குப் போய், கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்த்து, கடை கடையாக ஏறி இறங்கி வருவது அயர்லாந்தின் மேற்கே எங்கள் மேயோ பக்கத்து வழக்கம். அட்ராக்டா மட்டும் ஒரு வருஷமும் போனதில்லை. அந்த வாரம்தான் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வான்கோழிகளுக்கு இறகு பிடுங்கும் வாரம். குளிர்ந்த கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து இருபது வருஷம் பிடுங்கினாள். மகள் டெர்வ்லாவை டப்ளினில் படிக்கவைத்தது அந்த வான்கோழிகள்தான். அட்ராக்டாவின் விரல்கள் மடங்கினது மடங்கினபடியே நின்றுபோனதும் அதனால்தான். படித்து முடித்தவள் அங்கேயே வேலை, அங்கேயே வீடு என்று தங்கிவிட்டாள்.

புருஷன் மைல்ஸ் இறந்ததும், யோசிக்காமல் வீட்டை மகன் டொனல் பேருக்கு எழுதிக்கொடுத்தாள் இந்த அசடு. அவன் பெண்டாட்டி அதை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறாள். புது வரைபடத்தில் நாய்க்குக்கூட இடம் இருந்தது, மாமியாருக்கு இல்லை. ஜனவரியில் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து, எட்டாம் தேதி வா, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மகள் போன் செய்தால் தாய் என்ன நினைப்பாள்? தன்னோடு வைத்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள்.

டெர்வ்லா சுற்றிக்காட்டத்தான் செய்தாள். கிராஃப்டன் தெரு விளக்குகள், கடைக் கண்ணாடிக்குள் ஆடும் பொம்மைகள், பூங்காவில் வாத்துகள், எதையும் விடவில்லை. எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் அட்ராக்டா ஊர் வழக்கப்படி வணக்கம் சொல்லிக்கொண்டே போக, "சும்மா வாம்மா, பைத்தியம்னு நினைப்பாங்க" என்றாளாம். அதற்கப்புறம் இவள் தலையைக் குனிந்துகொண்டே நடந்திருக்கிறாள். பாதி விளக்குகளைப் பார்க்கவே இல்லை.

மகள் வீட்டில் ஓர் அறை காலி. உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று மட்டும் நின்றது. அதன் பக்கத்தில் படுத்தபடி, அலமாரியை எங்கே வைக்கலாம், மைல்ஸ் படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று கண்ணாலேயே அளந்து வைத்துவிட்டாள்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு தேநீர்க் கடைக்குப் போனார்கள். மாடியில், ஜன்னலோரம் இடம்.

எங்கள் பக்கம் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவைதான் கை நீளும். முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்கிறவனை ஆலாய்ப் பறக்கிறவன் என்று ஊரே பேசும். கொடுக்கிறவர்களுக்கும் இது தெரியும், அதனால் மூன்று தடவை கேட்பார்கள். பேசப் பழகும்போதே இதையும் பழகிவிடுகிறோம்.

தட்டில் ஒரு துண்டு கேக் மிச்சம் இருந்தது. எடுத்துக்கொள் என்றாள் டெர்வ்லா. தாய் மாட்டேன் என்றாள். மகள் மறுபடி சொன்னாள், தாய் மறுபடி மறுத்தாள். மூன்றாம் தடவை தட்டையே தாய் பக்கம் நகர்த்தி வைத்தாள். அட்ராக்டா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதை விழுங்குவதற்குள் மகள் பேச்சை எடுத்தாள்.

"பேசாம எங்கூடவே வந்து இருந்துடேம்மா."

 அட்ராக்டாவின் நாக்கு பழகினதைச் சொன்னது.

"நான் எதுக்கும்மா உனக்கு இடைஞ்சலா? வேண்டாம்."

"சரிம்மா, உன் இஷ்டம்." டெர்வ்லா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

இறங்கும்போது கேட்பாள் என்று அட்ராக்டா ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஆற்றுப் பாலத்தில் கேட்பாள் என்று மூச்சு வாங்குகிற மாதிரி நின்றாள். பேருந்து நிலையத்தில் டெர்வ்லா பெட்டியைத் தூக்கிப் பார்த்து, இரண்டு நாளுக்கு இவ்வளவா என்று கேட்டாள். அதை மட்டும்தான் கேட்டாள்.

ஊர் திரும்பியதும் நேராக என் சமையலறைக்கு வந்து, இதையெல்லாம் சொல்லிப் பெட்டியைத் திறந்து காட்டினாள். கோடைக்காலத்து உடுப்புகள், வெந்நீர்ப் பை, மைல்ஸ் படம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் டப்ளினில் இருந்தவள், ஊர் வழக்கம் மறந்திருப்பாள் என்று ஏதோ சமாதானம் சொன்னேன்.

"கேக்குக்கு மூணு தடவை கேட்டாளே, ஊனா" என்றாள்.

டெர்வ்லாவை நான் திட்டாத திட்டு இல்லை. இன்றும் திட்டுகிறேன்.

ஜனவரியில் அட்ராக்டா இல்லத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்ப்பவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகள். டீ வேண்டுமா என்று ஒரு தடவை கேட்பார்கள், வேண்டாம் என்றால் வண்டியை அடுத்த கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் வாரம் முழுக்க அட்ராக்டா டீ குடிக்கவில்லை. நான் போய்ச் சொன்ன பிறகுதான் மூன்று தடவை கேட்டார்கள். மார்ச்சில் செத்துப்போனாள்.

அடக்கத்துக்கு டெர்வ்லா வந்தாள். "நான் கூப்பிட்டேன், அம்மாதான் வர மாட்டேன்னுட்டா" என்று கல்லறைத் தோட்டத்தில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கேக் கதையை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்திருக்க வேண்டும்.  ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை.

ஜனவரியில் டொனல் அட்ராக்டாவை இல்லத்துக்குக் கூட்டிப்போன காலையில் நானும் வாசலில் நின்றேன். என் வீட்டில் பின்னறை எத்தனையோ வருஷமாகக் காலியாகத்தான் கிடக்கிறது. "எங்கூட வந்து இரேன், அட்ராக்டா" என்றேன்.

"உனக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன்.