நான் ஸ்கேன் செய்த நண்பரின் நூல்

மனைவி மறைந்தபின் வீட்டில் பேச ஆளில்லை. நான் இருக்கும் வாசகர் வாட்ஸ்அப் குழுவுக்குத் தினமும் ஒரு புத்தகத்தை ஸ்கேன் செய்து அனுப்புவேன். பலரும் 'நன்றி சார்' என்பார்கள். அந்த நன்றிக்கு ஆசைப்பட்டு, திரேஸ்புரம் நண்பர் சேவியர் முத்துக்குளிப்பு பற்றி எழுதி, தாமே அச்சிட்டு விற்ற நூலையும் அனுப்பிவிட்டேன்.

ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பூசை முடிந்து என்னைப் பார்க்க வருபவர் அவர் ஒருவர்தான். அந்த வாரம் வந்தவர் உட்காரவில்லை.

"புத்தகத்த விக்கக் கொண்டு போனா, போன்லயே படிச்சாச்சுங்காவ, அண்ணாச்சி. 'உற்ற நண்பருக்கு'ன்னு உங்களுக்கு நான் எழுதிக் குடுத்த பக்கமும்லா சேர்ந்து வந்திருக்கு."

"படிக்கத்தான குடுத்தேன். திருடவா செஞ்சேன்?" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருட்டுதான். இப்போது எதையும் அனுப்புவதில்லை. அந்த நூலைக் கேட்பவர்களுக்கு அவர் முகவரியைத் தருகிறேன். குழுவில் என்னை யாரும் தேடவில்லை. சேவியரும் வரவில்லை.