இயேசு வந்திட்டுப் போயிட்டார் எண்டு நான் நினைச்ச பின்னேரம்

கேத்தல் தண்ணி வத்தி, அடிப்பிடிச்சுக் கருகிற மணம்... வாசல் கதவைத் தள்ளின உடனே மூக்கில அடிச்சது அதுதான்.

வெள்ளவத்தையில கடல்பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கை. கீழ்வீட்டில நாங்கள் வாடகைக்கு இருந்தனாங்கள். அப்பா, அம்மா, தம்பி, நான். சண்டைக்காலம். நான் புறக்கோட்டையில ஒரு துணிக்கடையில டைப்பிஸ்ட். அண்டைக்கு எங்கயோ குண்டு வெடிச்சதெண்டு கதை வர, முதலாளி கடையைப் பூட்டி, "புள்ள, நேரத்தோட ஊட்டுக்குப் போங்க" எண்டு அனுப்பிவிட்டார். வழியில பஸ்ஸை மறிச்சு மறிச்சு செக் பண்ணினாங்கள். ஒரு மாதிரி வந்து சேந்தன்.

"அம்மா..."

சத்தமில்ல.

ஓடிப்போய் காஸை நிப்பாட்டினன். பேப்பரில கறிக்குப் போஞ்சிக்காய் பாதி வெட்டினபடி. ஹோலில அப்பாவின்ர பைபிள் திறந்தபடி, அதுக்கு மேல அவர் வாசிக்கிற கண்ணாடி. அம்மாவின்ர செருப்பு வாசலில.

சுவர்த்தட்டில பார்த்தா, அப்பாவின்ர ஐசியும் தம்பியின்ர ஐசியும்! அந்த நாளில அடையாள அட்டை இல்லாம எங்கட தமிழ் ஆம்பிளையள் கேட்டுக்கு வெளிய கால் வைக்க மாட்டினம்.

இது உங்களுக்கு விளங்க எங்கட வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேணும். நாங்கள் கொட்டாஞ்சேனையில ஒரு சின்னச் சபைக்குப் போறனாங்கள். அங்க ஞாயிறு தவறாம ஒரே பிரசங்கம், இரகசிய வருகை. ஆண்டவர் எந்த நேரமும் வருவார், விசுவாசிகளை அப்பிடியே மேல எடுத்துக்கொண்டு போயிடுவார். சமைச்சுக்கொண்டு நிக்கிறவ மறைஞ்சிடுவா, அடுப்பு மட்டும் எரிஞ்சுகொண்டிருக்கும் எண்டு பாஸ்டர் நேரில பார்த்த மாதிரிச் சொல்லுவார். ஆயத்தமில்லாத ஆக்கள் கீழ நிண்டு முழுச வேண்டியதுதான்.

அப்பா அதை அப்பிடியே நம்பின மனிசன். வீட்டுக்கு ஒரு சாமான் வாங்க விடமாட்டார். ரீவி இல்ல, யன்னலுக்குக் கேட்டின் இல்ல. அம்மா சாய்ஞ்சிருக்க ஒரு செற்றி கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனா. "போற இடத்தில எல்லாம் இருக்கு" எண்டுவார். அதுவரைக்கும் எங்க குந்துறது எண்டு அம்மா முணுமுணுப்பா.

நானோ, எல்லாரும் அல்லேலூயா சொல்லேக்க மணிக்கூடு பார்க்கிற ஆள்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ... ஒண்டு, ஆண்டவர் வந்து இவையைக் கூட்டிக்கொண்டு போய், என்னை விட்டிட்டார். இல்லாட்டி ரவுண்டப், தமிழ் வீடுகளைச் சுத்திவளைச்சு ஆக்களை அள்ளுறது. பொலிஸ் வந்து நிண்ட நிலையில ஏத்திக்கொண்டு போயிட்டுது. ரெண்டுக்கும் வீடு ஒரே மாதிரித்தான் கிடக்கும்.

போஞ்சிக்குப் பக்கத்தில முழங்காலில விழுந்தன்.

"ஆண்டவரே, நீர் வந்திட்டுப் போனதா இருக்கட்டும். என்னை விட்டிட்டுப் போனாலும் பரவாயில்ல. அவையைப் பொலிஸ் கொண்டு போயிருக்கக் கூடாது."

என்ர வாழ்க்கையில நான் மனசாரச் செய்த முதல் ஜெபம் அதுதான் எண்டு நினைக்கிறன்.

அப்பத்தான் மேல்வீட்டு ஞானம் அன்ரியின்ர நினைவு வந்தது. எங்கட சபைதான். விடிய எழும்பி ஜெபிக்கிற மனிசி. வருகை எண்டா கியூவில முதல் ஆள் அவதான். ஆக, அன்ரி வீட்டில இல்லையெண்டா ஆண்டவர் வந்திட்டார். அன்ரி இருந்தா... பொலிஸ்தான்.

வெளிப்படியால ஏறினன். யன்னலெல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்தது. கதவைத் தட்டினன். ஒரு அசுமாத்தமும் இல்ல. திருப்பித் தட்டினன். இல்ல. ஸ்தோத்திரம் ஆண்டவரே எண்டு மூச்சு விட்டன்.

அப்ப பாத்து உள்ள கொண்டி இழுபடுற சத்தம். கதவு திறந்தது. ஞானம் அன்ரி!

"ஐயோ அன்ரி, நீங்க போகேல்லையே?"

"எங்க போறது, பிள்ள?"

அவவுக்குப் பின்னால இருட்டு அறை. நீல வெளிச்சம். அதுக்கு முன்னால நிலத்தில சப்பாணி கட்டிக்கொண்டு அப்பா, அம்மா, தம்பி!

விசயம் இதுதான். அன்ரியின்ர மகன்ர கலியாண வீடியோ கனடாவில இருந்து வந்திட்டுது. ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தது, பொழுதுபடமுதல் திருப்பிக் குடுக்க வேணும். அன்ரி மேல இருந்து கூப்பிட, போட்டது போட்டபடி எல்லாரும் ஓடியிட்டினம். ஒரே வளவுதானே, ஐசி என்னத்துக்கு? ரீவி பாக்கிறது பாவமெண்ட சபைச் சனம் அறியக் கூடாதெண்டு யன்னலைப் பூட்டி, சத்தத்தையும் குறைச்சு வச்சிருந்தவை.

அப்பாதான் ரீவிக்குக் கிட்ட இருந்தவர். பரலோகத்துக்கு அடுத்தபடி எங்கட சனத்துக்குக் கனடாதானே.

நான் வாசலிலயே குந்தியிருந்து விக்கி விக்கி அழுதன். குண்டில ஆரும் செத்திட்டினமோ எண்டு அம்மா பதறிப்போனா. நான் நடந்ததைச் சொன்னன், ஜெபத்தையும் சொன்னன். அன்ரி வீடியோவை நிப்பாட்டினா. ரீவியில கலியாணப் பொம்பிளையின்ர வாய்க்குக் கிட்ட கேக் துண்டு அப்பிடியே நிண்டுது. தம்பிக்குச் சிரிப்பு அடக்கேலாமப் போச்சு, பிறகு அம்மாவுக்கும். அழுதுகொண்டிருந்த நானும் சிரிச்சிட்டன். அந்த ஆறுதலை இப்ப நினைச்சாலும் உடம்பு லேசாகும்.

அப்பா மட்டும் சிரிக்கேல்ல. என்ர தலையில கை வச்சார்.

"நீ இல்லாம அங்க போய் நான் என்ன செய்யிறது?"

"பிரதர், அப்பிடிச் சொல்லக் கூடாது" எண்டா அன்ரி. அப்பா படத்தைப் போடச் சொன்னார்.

அடுத்த மாசம் எங்கட வீட்டுக்கு ஒரு செற்றி வந்தது. பிரம்புச் செற்றி. ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வந்தா அப்பாதான் முதல் ஆளாப் போய்ச் சாய்வார்.

இப்ப எவ்வளவோ காலம் போச்சு. வேலையால வந்து கதவைத் திறக்கேக்க வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டா, அப்பாடா எண்டு தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறன். என்ர பிள்ளையளுக்கு ஆளில்லாத வீடு எண்டா வைஃபை முழுக்கத் தங்களுக்கு எண்ட சந்தோசம் மட்டும்தான். அப்பிடியே இருக்கட்டும்.

அப்பா போன வருசம் களுபோவில ஆஸ்பத்திரியில மோசம் போனார். நல்ல வயசு, நித்திரையில உயிர் போச்சு. நாங்கள் எல்லாரும் சுத்தி நிண்டனாங்கள். சண்டைக்காலத்தில காணாமப்போன எத்தினையோ தகப்பன்மாரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிற சனம் எங்கட ஒழுங்கையிலயே இருக்கு.

நான் அழுதன்தான். ஆனா பயப்பிடேல்ல. அப்பாவை ஆர் கொண்டு போனது எண்டு எனக்குத் தெரியும்.