பட்டை போட்ட சட்டி

விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டில் நான் போட்டோக் கடை வைத்த புதிதில், வெளிச்சம் என்றால் முகத்துக்கு நேரே கொட்டுவதுதான் என்று நினைத்திருந்தேன். தகரக் கூண்டுக்குள் இரண்டு பெரிய பல்பு. இரண்டையும் ஆளின் மூக்குக்கு நேராக நிறுத்திவிடுவேன்.

திண்டிவனத்து மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர், நிலக்கடலை மொத்த வியாபாரி, வந்து உட்கார்ந்தார். தலை நிறைய எண்ணெய், நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு. படத்தை வாங்க வந்த அன்று, முதலில் படத்தைப் பார்த்தார். பிறகு என் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார்.

"பட்டை எங்கய்யா?"

படத்தில் நெற்றி முழுக்க வெள்ளையாக மின்னியது. கோடே இல்லை.

"வெளிச்சம் அடிச்சிட்டுதுங்க."

"மீசைய வுட்டுட்டு பட்டைய மட்டும் அடிச்சிதா? வேதக்காரன் வேலையக் காட்டிட்டே. சரியா எடுத்துக் குடு. இல்லன்னா திண்டிவனம் கடைத்தெருவுல சொல்லிடுவேன். அப்புறம் எவன் கல்யாணப் படத்துக்கு உன்னண்ட வருவான்?"

என் வீட்டில் அடுப்பெரிந்ததே அந்தக் கல்யாணப் படங்களால்தான்.

யுத்த காலம். படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட் கிடைப்பது பெரும்பாடு, வீணாக்க முடியாது. ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, எண்ணெய் தடவி, மூன்று கோடு இழுத்து முக்காலியில் வைத்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, காமிராக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் சட்டியைப் பார்ப்பதும், வெளியே வந்து பல்பை நகர்த்துவதுமாக இருந்தேன். சோறு கொண்டுவந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாங்க இது? மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போய்க்கினு, இங்க சட்டிக்குப் பட்டை போட்டுக்கினு! யாருக்கு செய்வினை?"

"அடுப்புச் சாம்பல்டி. தொழிலுக்கு."

"பாக்கறவனுக்குத் தெரியுமா அது எந்த சாம்பல்னு?"

பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். நான் வேதம் மாறிவிடுவேனோ என்று அவளுக்கு. மறுநாள் மாதா கோயில் தீர்த்தம் கொண்டுவந்து காமிராமேல் தெளித்துவிட்டுப் போனாள்.

மாதாவை வேண்டிக்கொண்டு ஒரு பல்பை அணைத்தேன். மற்றதைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி, அதன்முன் மெல்லிய வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டேன். எண்ணெய்ப் பளபளப்பு ஓரமாக ஒதுங்கியது. மூன்று கோடும் தெளிந்து நின்றன.

மண்டிக்காரரை அதே வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்தேன். புதுப் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது நீ பென்சில்ல போட்டதுதானே?"

"ஆண்டவர் சத்தியமா இல்லீங்க."

"எந்த ஆண்டவரு?"

விரலை எச்சிலில் நனைத்துப் படத்தின் நெற்றியைத் தேய்த்தார். கோடு போகவில்லை. படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

தை மாதம் தம் மகள் கல்யாணத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார். படம் எடுத்து முடிகிறவரை என் கையையே பார்த்துக்கொண்டு என் பக்கத்தைவிட்டு நகரவேயில்லை.