ரேடியேட்டருக்குக் கட்டிய சாக்கு

மஸ்கெலியா பனியில் என் பழைய ஜீப் எளிதில் சூடேறாது. அதனால் விடியற்காலையில் கிரிலுக்குள் கையை விட்டு, குளிர்காற்று படாதபடி ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாக்கைக் கட்டிவிடுவேன். கீழே இறங்கும்போது, வெயில் தொடங்கும் கினிகத்தேனையில் நிறுத்தி அவிழ்த்துவிட வேண்டும்.

இன்று அக்காவுக்குக் கொழும்பில் கண் ஆபரேஷன். நேரமாகிறதே என்ற பதற்றத்தில் கினிகத்தேனையில் நிறுத்தவில்லை.

அவிசாவளை வெயிலில் பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. கூலன்ட் புதிது. ஃபேனும் போன வாரம்தான் மாற்றினேன். வேறென்ன கோளாறு என்று பொனட்டைத் திறந்து ஃபேனை முறைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே இருந்த அக்காவுக்குப் பார்வைதான் மங்கல்.

"தம்பி, சாக்கு அவிஞ்ச வாசம் அடிக்குதே. அவுத்தியா நீ?"

அவிழ்த்தேன். எஞ்சின் ஆறக் காத்திருந்து, தண்ணீர் ஊற்றிக் கொழும்பு போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியில் "இன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது, இன்னொரு திகதி தருகிறோம்" என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில், ஹட்டனில் பனி இறங்கியதும் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குளுருது தம்பி. சாக்கக் கட்டலையா?"

சாக்குக் கட்டி ஜீப் ஓட்டுகிறவர்களே, அவிழ்க்க மறக்காமலிருக்க நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?