மொட்டைப்பனையில் பனங்காடை

எங்கள் அக்காவின் கல்யாணத்தை இரண்டு குருவிகள் சேர்ந்து ஏழு வாரம் நிறுத்தி வைத்தன. நம்பாதவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் வந்து எங்கள் சொந்தக்காரர் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்புத் தேறியிருந்தேன். வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிக்கிற ஒரே பெண் நான்தான் என்ற கர்வமும் இருந்தது. எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் இடி விழுந்து தலை போன பனை ஒன்று நின்றது. அதில் இரண்டாள் உயரத்தில் ஒரு பொந்து. சித்திரைக் கடைசியில் ஒரு ஜோடிப் பனங்காடை அதில் குடிவந்தது. உட்கார்ந்திருக்கும்போது அது ஒன்றுக்கும் உதவாத செம்மண் நிறக் குருவி. இறக்கையை விரித்துவிட்டாலோ நீலத்துக்குள் இன்னொரு நீலம்! ஆண் குருவி உயரே போய்க் கரணம் போட்டு, கர்ர் கர்ரென்று கத்திக்கொண்டே தலைகீழாக விழும். விடுமுறை முழுவதும் நான் அண்ணாந்தபடியே திரிந்தேன்.

எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்தவர்கள். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். எங்கள் கூட்டத்தின் பெயரே பனங்காடைதான். அதனால் எங்கள் ஆட்கள் அந்தக் குருவி மேல் கல்லெறிய மாட்டார்கள். அது குடியிருக்கும் மரத்தில் கை வைக்கவும் மாட்டார்கள்.

அதே சித்திரையில்தான் அக்காவுக்குப் பள்ளிபாளையம் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். ஆற்றுப் பாசனம், வாழைத் தோப்பு. முதல் மனைவி தவறிப்போயிருந்தாள். என் வயதில் ஒரு பையன் இருக்கிறான் என்றார்கள். பம்பரம் விட ஆள் கிடைத்தது என்று நான் குதித்தேன். அக்காவுக்குப் பதினாறு வயது. அவளை யாரும் எதுவும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

பந்தலுக்கு இடம் பார்க்க மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். முன்பக்கம் கிணறும் வண்டித்தடமும் இருந்ததால் பின்பக்கந்தான் தோது. அவர் பனையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"முண்டம் நிக்கற எடத்துல தாலி கட்டுனா வெளங்குமுங்களா? மொதல்ல அதைச் சாச்சுப்போடுங்க."

அப்பா தலையாட்டினார். கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போ, அதுல பனங்காடை அடை காக்குதுன்னு அப்பங்கிட்டச் சொல்லு."

நான் ஓடிப் போய்ச் சொன்னேன். அப்பாவின் கை தானாகத் துண்டை இடுப்புக்கு இறக்கியது. "அப்பிடீன்னா குருவி எறங்கற வரைக்கும் மரத்துல வெட்டுப் படாதுங்க. ஆனிக்குத் தள்ளிக்கலாமுங்க."

"ஆனி தாண்டுனா ஆடிங்க," என்றார் பெரியவர். "ஆனிக் கடைசி முகூர்த்தம் வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல எங்களுக்கும் வேற எடம் வந்துட்டுதான் இருக்குது."

அவர் வண்டி ஏறியதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, மொதல்ல குருவிக்கு வளைகாப்புப் போட்டு, பேறுகாலம் பாத்துப்போட்டு, அப்பறமாப் பெத்த புள்ளைக்குக் கண்ணாலம் பண்ணலாமுங்களா?" அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அம்மா தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள் போலிருக்கிறது. வைகாசி நடுவில் ஒரு காலை, அப்பா வயலில் இருக்கும் நேரம் பார்த்து, மாமன் தோளில் கோடாலியோடு வந்து சேர்ந்தார்.

"நான் வேற கூட்டம். எனக்கு அது வெறுங் குருவி. பாவம் வந்தா என்ர கணக்குல வரட்டும்."

முதல் வெட்டு விழுந்தது. பெண் குருவி பொந்திலிருந்து நீலமாகச் சிதறி வெளியே பாய்ந்தது. ஆண் குருவி அவர் தலைப்பாகையை உரசிக்கொண்டு போயிற்று. நான் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். ஆட்டுக்குட்டியைத் தள்ளுவதுபோல் ஒதுக்கிவிட்டார். இரண்டாவது வெட்டுக்கு ஓங்கியபோது அக்கா ஈரக் கையோடு வந்து மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"தள்ளு அம்முணி. உனக்காவத்தா வெட்டறேன்."

"எனக்காவ வேண்டாமுங்க மாமா. தாலி ஏறிட்டா நானும் வேற கூட்டம் ஆயிருவேன். அது வரைக்கும் நானும் பனங்காடைதானுங்க."

ஓங்கிய கோடாலி அப்படியே நின்றது. அக்கா கண்ணை மூடவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பா கோடாலியை வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டார்.

"ஒரு குருவிக்கு இத்தனை வக்காலத்தா!" என்று மாமன் சிரித்துச் சமாளித்தார். "கண்ணாலத்தன்னைக்கு அதையுஞ் சீரோட அனுப்பியுடுங்க."

எங்கள் அக்காவைப்போல் குருவிமேல் பாசம் வைத்தவள் இந்த உலகத்தில் இல்லை என்று அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன். அதன் பிறகு நடந்ததெல்லாம் அதை உறுதிப்படுத்தியது. குஞ்சு பொரித்த வாரம் ஒரு சாரைப்பாம்பு பனையில் ஏறியது. பல்லி விழுந்தாலே அலறுகிற அக்கா, முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியால் அதன் நடு உடம்பைக் கொக்கி போட்டு இழுத்து வேலிக்கு அப்பால் எறிந்தாள். எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். மறுநாள் இலந்தை முள்ளை வெட்டிவந்து பனையைச் சுற்றிக் கட்டினாள். கையெல்லாம் கீறல். நான் என் பங்குக்கு வெட்டுக்கிளி பிடித்துக் கல்லின்மேல் பரப்பி வைத்தேன். குருவிகள் அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் தாமே பிடித்துவந்து ஊட்டின.

தினமும் படுக்கப் போகுமுன் அக்கா என்னை நாள்காட்டி படிக்கச் சொல்வாள். "ஆடி பொறக்க இன்னம் எத்தனை நாளிருக்குது?"

ஆடி நோம்பிக்குத் தூரி கட்டி ஊஞ்சலாடும் ஆசை என்று நினைத்துக்கொண்டு நானும் சொல்வேன். பதினெட்டு. பதினொன்று. எட்டு. குஞ்சுகள் பொந்து வாசலில் தலை நீட்டத் தொடங்கியதும் அவள் குரல் குறைந்துகொண்டே வந்தது. "அதுக வெளிய எட்டிப் பாக்கறதை யாருகிட்டயுஞ் சொல்லாத, கண்ணு பட்டுப்போகும்" என்றாள். கண்ணேறு பொல்லாதது என்று எனக்கும் தெரியும். வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஆடிக்கு ஆறு நாள் இருந்தது. கடைசி முகூர்த்தத்துக்கு மூன்று நாள். அன்று காலையில் அக்கா, "பொறக்கடைக்குப் போவாத சாமி, அதுக தூங்குது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்குப் போனாள். போகாதே என்றால் போகாமல் இருக்கிற பிள்ளையா நான்? போய்ப் பார்த்தால் கிளுவை வேலியின்மேல் வரிசையாக இரண்டு குஞ்சுகள்! மூன்றாவது பொந்து வாசலில் தொற்றிக்கொண்டு கத்துகிறது. தாய் எதிரே வாயில் இரையோடு உட்கார்ந்து கொடுக்காமல் ஏய்க்கிறது. குஞ்சு முன்னுக்குச் சாய்ந்தது, பின்னுக்கு இழுத்தது, திடீரென்று காற்றில் விழுந்தது. விழவில்லை! தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது இறக்கை விரிந்தது. அந்த நீலத்தை அப்போதுதான் புதிதாக யாரோ செய்து கொடுத்த மாதிரி இருந்தது.

இத்தனை நாள் கட்டி வைத்த வாய். முன்பக்கம் ஓடினேன். அங்கே அப்பாவும் மாமனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா! பறந்துருச்சுங்க! மூணும் பறந்துருச்சுங்க! பொந்து காலி!"

மாமன் துள்ளி எழுந்து பரணைப் பார்த்து நடந்தார். அப்பா மட்டும் எழவில்லை. "மூணுமா சாமி? நல்லாப் பாத்தயா?" என்று இரண்டு தரம் கேட்டார். நல்லாப் பார்த்தேன் என்று இரண்டு தரமும் சத்தியம் செய்தேன்.

திரும்பினால் அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். என்னிடம் வந்து கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை. அதற்குப் பிறகும் அடித்ததில்லை. குருவி பறப்பதைத் தன்னைக் கூப்பிட்டுக் காட்டாமல் நானே பார்த்துவிட்டேன் என்ற கோபந்தான் என்று நினைத்தேன். நியாயமான கோபமாகத்தான் பட்டது.

மத்தியானத்துக்குள் பனை சாய்ந்தது. மூங்கிலும் தென்னங்கீற்றும் வந்து இறங்கின. அக்கா வெட்டுச் சிராய்களுக்கு நடுவில் அந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். சமாதானம் செய்ய நான் அவள் முன்னால் நின்று, மூன்றாவது குஞ்சு எப்படிச் சாய்ந்தது, எப்படி விழுந்தது, எந்த இடத்தில் இறக்கை விரிந்தது என்று கையை விரித்து ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன். அவள் முழுவதும் பார்த்தாள். சிவந்திருந்த என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"இன்னம் ஆறே ஆறு நாள் உள்ளயே இருந்திருக்கக் கூடாதா அதுக," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "றெக்கை மொளச்சதுக்கு அப்பறம் எதுக்குக்கா உள்ளயே இருக்கோணும்?" என்று கேட்டேன்.